உதவியாளர் மனைவியை அடித்தால் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பா? – கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த அர்பன் மேயரைச் சுற்றியே இருக்கின்றன. அவற்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். மெஸ்ஸி ஆடும் கால்பந்து அல்ல இது. தலைக்கவசம் அணிந்து மோதும் ஆட்டம்.

கேள்வி: விவகாரத்தை முதலிலிருந்து சொல்லுங்கள் ஐயா. துண்டு துண்டாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

பதில்: ஸாக் ஸ்மித் என்பவர் மேயரிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்தார். மேயரின் குருவான, முன்னாள் பயிற்சியாளர் எர்ல் புரூஸின் பேரன். இந்த உறவை மறந்துவிட்டால் பிறகு நடந்த எதுவும் புரியாது. 2009இல், மேயர் ஃபுளோரிடாவில் இருந்தபோது, கர்ப்பிணி மனைவியைத் தாக்கியதாக ஸ்மித் கைது செய்யப்பட்டார், வழக்கு கைவிடப்பட்டது. மேயருக்கு அது அப்போதே தெரியும். தெரிந்தும் 2012இல் ஒஹாயோவுக்கு அழைத்துவந்தார். 2015இல் மனைவி மறுபடி புகார் செய்தார், போலீஸ் விசாரித்தது, குற்றச்சாட்டு பதிவாகவில்லை. அடுத்த ஆண்டு விவாகரத்து. 2018 ஜூலையில் நீதிமன்றம் ஸ்மித்துக்கு எதிராகப் பாதுகாப்பு உத்தரவு பிறப்பித்தது. செய்தி வெளியான பிறகுதான் ஜூலை 23 அன்று வேலை போனது. மனைவியைத் தாக்கியதாகச் சொல்லப்படுவதை ஸ்மித் மறுத்தார் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

கேள்வி: மேயர் தனக்குத் தெரியாது என்றாரே, அது பொய்யா?

பதில்: ஸ்மித்தை நீக்கிய மறுநாள், சிகாகோவில் பத்திரிகையாளர்கள் முன்னிலையில், 2015 சம்பவம் பற்றி யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்றார். ஆகஸ்ட் 1 அன்று பிரெட் மெக்மர்ஃபி என்ற நிருபர் தமது ஃபேஸ்புக் பக்கத்திலேயே செய்தி வெளியிட்டார். ஸ்மித்தின் முன்னாள் மனைவிக்கும் மேயரின் மனைவி ஷெல்லிக்கும் இடையே 2015இல் போன குறுஞ்செய்திகள் அதில் இருந்தன. அன்றே மேயர் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டார். இரண்டு நாள் கழித்து அறிக்கை விட்டார்: 2015இல் தமக்குத் தெரிந்தது, முறைப்படி மேலிடத்துக்கும் சொன்னேன் என்று!

பல்கலைக்கழகம் அமைத்த, மேரி ஜோ வைட் தலைமையிலான விசாரணைக் குழு, அவர் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை என்றது; ஞாபகக் கோளாறு, மருந்துகள் என்றெல்லாம் காரணம் காட்டியது. அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. மெக்மர்ஃபியின் செய்தி வந்த அன்று, ஓராண்டுக்கு முந்தைய குறுஞ்செய்திகள் அழியும்படி கைபேசியை மாற்றியமைப்பது எப்படி என்று மேயர் தம் அலுவலகத்தாருடன் பேசியிருக்கிறார். பிறகு சோதித்தபோது அதில் ஓராண்டுக்கு மேற்பட்ட செய்தி ஒன்றுகூட இல்லை. ஞாபகக் கோளாறு உள்ளவருக்கு இது ஞாபகம் வந்ததே என்று நான் ஆச்சரியப்பட்டேன்.

கேள்வி: ஷெல்லி மேயருக்குத் தெரிந்தால் அர்பன் மேயருக்கும் தெரிந்ததாகுமா?

பதில்: சட்டப்படி ஆகாது. ஆனால் 2015இன் இறுதியில் கணவனும் மனைவியும் இதைப் பற்றி ஓரளவாவது பேசியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று விசாரணைக் குழுவே எழுதியது.

கேள்வி: வழக்கும் இல்லை, தண்டனையும் இல்லை. புகாரை மட்டும் வைத்து ஒருவன் பிழைப்பைப் பறிக்கலாமா? பயிற்சியாளர் என்ன நீதிபதியா?

பதில்: நியாயமான கேள்வி. நீதிபதியாக இருக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அதனால்தான் அவர் தானே விசாரித்துத் தானே தீர்ப்பும் எழுதிக்கொள்ளக் கூடாது. புகாரை விசாரிப்பதற்கென்றே பல்கலைக்கழகத்தில் தனி அலுவலகம் உண்டு. அங்கே சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பதுதான் பயிற்சியாளரின் வேலை. 'போலீஸ் கைது செய்யவில்லை, ஆகவே ஒன்றுமில்லை' என்று முடிவு கட்டினால் அதுவும் ஒரு தீர்ப்புத்தான்.

மேலும், வழக்கு ஏன் நிற்கவில்லை என்றும் பார்க்க வேண்டும். 2009இல் வழக்கைத் தொடர வேண்டாம் என்று தம்மை வற்புறுத்தியவர்களில் எர்ல் புரூஸும் ஒருவர் என்று ஸ்மித்தின் முன்னாள் மனைவி பின்னாளில் கூறினார். கணவனின் வேலை போனால் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் காப்பீடும் சேர்ந்தே போகும். பயிற்சியாளர்களின் உலகமோ சின்னது. ஒருவரையொருவர் எல்லோருக்கும் தெரியும். 'அவள் ஏன் போலீசுக்குப் போகவில்லை' என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். போனார் ஐயா, இரண்டு முறை.

கேள்வி: மூன்று ஆட்டத் தடை போதுமான தண்டனையா?

பதில்: பல்கலைக்கழகம் 2018 ஆகஸ்ட் 22 அன்று, நாள் முழுக்க அறங்காவலர்கள் கூடிப் பேசிய பிறகு, மேயருக்கு மூன்று ஆட்டத் தடையும் சில வாரச் சம்பள இழப்பும் விதித்தது. விளையாட்டு இயக்குநர் ஜீன் ஸ்மித்துக்கும் சம்பளமில்லா இடைநீக்கம். இது போதாது என்று ஓர் அறங்காவலர் பதவி விலகினார். அன்றிரவு செய்தியாளர்கள் முன்னால், அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று கேட்டபோது, இந்த நிலை ஏற்பட்டதற்கு எல்லோரிடமும் வருந்துவதாக மேயர் பொதுவாகச் சொன்னார். அந்தப் பெண்ணிடமே மன்னிப்புக் கேட்க இன்னும் இரண்டு நாள் ஆயிற்று.

போதுமா என்பதற்கு இரண்டு கணக்குகளைத் தருகிறேன், நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மேயருக்கு முன் அதே நாற்காலியில் இருந்தவர் ஜிம் டிரெஸல். அணி வீரர்கள் விதிக்கு மாறாகத் தங்கள் நினைவுப் பொருட்களைக் கொடுத்துப் பச்சை குத்திக்கொண்டார்கள். அது தெரிந்தும் மேலிடத்துக்குச் சொல்லாமல் மறைத்தார். 2011 மே மாதம் பதவி விலக நேர்ந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஜிம் ஹார்பாவை, வீரர்களைச் சேர்க்கும் விதிகளை மீறிய விவகாரத்தில், 2023 ஆட்டப் பருவத்தின் தொடக்கத்தில் அவரது பல்கலைக்கழகமே மூன்று ஆட்டங்களுக்கு நிறுத்திவைத்தது. அந்த விவகாரத்தில் பரவலாகப் பேசப்பட்டது, பள்ளி மாணவனுக்கு வாங்கிக் கொடுத்த ஹாம்பர்கர். அதற்கும் மூன்று ஆட்டம், இதற்கும் மூன்று ஆட்டம்!

கேள்வி: கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு இதில் தலையிட முடியாதா?

பதில்: உதவியாளர் செய்யும் தவறுக்குத் தலைமைப் பயிற்சியாளரே பொறுப்பு என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. 'எனக்குத் தெரியாது' என்று நிரூபித்துத் தப்பிக்கும் வழியைக்கூட 2023 ஜனவரியில் அடைத்துவிட்டார்கள். ஆனால் அந்த விதி என்.சி.ஏ.ஏ. சட்டங்களை மீறுவதற்கு மட்டும். தடை செய்யப்பட்ட நாளில் உதவியாளர் ஒரு மாணவனைச் சந்தித்தால் தலைமைப் பயிற்சியாளர் மாட்டுவார்; மனைவியின் கழுத்தை நெரித்தால் அது குடும்ப விஷயம். பொறுப்பு என்றால் என்னவென்று இவர்களுக்கு நன்றாகவே தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கேள்வி: ஊழியரின் படுக்கையறைக்குள் எட்டிப் பார்ப்பதா பயிற்சியாளரின் வேலை?

பதில்: பெண்களை மதிக்க வேண்டும் என்பது மேயர் தம் அணிக்கு வகுத்த அடிப்படை விதிகளுள் ஒன்று. 'உங்கள் பிள்ளையை என் பிள்ளையாகப் பார்த்துக்கொள்வேன்' என்று சொல்லித்தான் இவர்கள் வீடு வீடாகப் போய் வீரர்களைச் சேர்க்கிறார்கள். அந்த வீடுகளுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஸாக் ஸ்மித்தும் ஒருவர்.

கேள்வி: ஒஹாயோவில் மட்டும்தானா இப்படி?

பதில்: கொலராடோ பல்கலைக்கழகம் இன்னும் மோசம். 2016 டிசம்பரில், உதவிப் பயிற்சியாளர் ஜோ டம்ப்கின் தன்னைப் பலமுறை தாக்கியதாக அவருடைய முன்னாள் காதலி தலைமைப் பயிற்சியாளர் மைக் மெக்கின்டயருக்கே தொலைபேசியில் சொன்னார். அவர் விளையாட்டு இயக்குநரிடமும், இயக்குநர் வேந்தரிடமும் (அங்கே பல்கலைக்கழக வளாகத்தின் தலைவர்) சொன்னார்கள். மூவரில் ஒருவர்கூட, விசாரிக்க வேண்டிய அலுவலகத்துக்குச் சொல்லவில்லை. அந்த மாதக் கடைசியில் நடந்த அலமோ கோப்பை ஆட்டத்தில் தடுப்பாட்ட வியூகத்தை வகுக்கும் பொறுப்பு டம்ப்கினுக்கே கிடைத்தது. பதவி உயர்வு என்றே சொல்லலாம்.

2017 ஜூனில் தண்டனை: பயிற்சியாளரும் இயக்குநரும் தலா 1,00,000 டாலர் நன்கொடை, வேந்தருக்குப் பத்து நாள் இடைநீக்கம். அதே மாதம் மெக்கின்டயரின் ஒப்பந்தமும் பல மில்லியன் டாலருக்கு நீட்டிக்கப்பட்டது. 2018 நவம்பரில் அவரை நீக்கினார்கள். அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது.

கேள்வி: மேயர் இப்போது என்ன செய்கிறார்?

பதில்: 2018 முடிவில் உடல்நிலையைக் காரணம் காட்டி விலகினார். 2021இல் ஜாக்சன்வில் தொழில்முறை அணிக்குப் போய், ஒரு பருவம் முடியும் முன்பே நீக்கப்பட்டார். பிறகு தொலைக்காட்சி வர்ணனை. 2025இல் கல்லூரிக் கால்பந்துப் புகழ் மண்டபத்துக்குத் தேர்வானார்.

கேள்வி: என் மகள் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் விளையாட்டுத் துறை அலுவலகத்தில் வேலை செய்கிறாள். உடன் பணிபுரியும் ஒருவரின் மனைவி இப்படி ஏதோ சொல்லி அழுதாராம். மகள் தன் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டாள். அது போதும் அல்லவா?

பதில்: போதாது அம்மா. கொலராடோவில் எல்லோரும் மேலதிகாரியிடம்தான் சொன்னார்கள். பாலினப் பாகுபாடு, பாலியல் வன்முறை பற்றிய புகார்களைப் பெறும் டைட்டில் நைன் அலுவலகம் என்று ஒன்று அவள் பல்கலைக்கழகத்தில் கட்டாயம் இருக்கும். அங்கே தேதியிட்டு எழுத்தில் கொடுத்து, நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன் அந்தப் பெண்ணிடம் பேச வேண்டும். புகார் போனது கணவனுக்குத் தெரியும் நாள்தான் அவருக்கு மிகவும் ஆபத்தான நாளாக இருக்கக்கூடும். தேசியக் குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233. இரவிலும் எடுப்பார்கள், மொழிபெயர்ப்பாளரும் கிடைப்பார். அந்தப் பெண் தன் கைபேசியிலிருந்து அழைக்க வேண்டாம். உங்கள் மகளின் கைபேசியிலிருந்து அழைக்கட்டும்.