தீவைத்தவர்களும் தாஸ்மேனியாக் கப்பலும்: கேள்வி பதில்

கேள்வி: 1831இல் வைக்கோற்போருக்குத் தீவைத்ததாகத் தண்டிக்கப்பட்ட இங்கிலாந்துப் பண்ணைக் கூலி ஒருவரை வான் டீமன்ஸ் லேண்டுக்கு (இன்றைய தாஸ்மேனியா) நாடுகடத்தினார்கள். அவரைப் பற்றி எங்கே தேடத் தொடங்குவது?

பதில்: கடைசி இடமான ஹோபார்ட் துறைமுகத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். தாஸ்மேனியா ஆவணக் காப்பகத்தின் நடத்தைப் பதிவேடுகளை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஆண்களுக்குக் கான் 31 ('கான்' (CON) என்பது கைதிகள் பதிவேடுகளின் வரிசைக் குறியீடு), 1840களில் வந்தவர்களுக்குக் கான் 33. பெண்களுக்குக் கான் 40, 41. 1840-43க்குள் வந்த ஆண் என்றால் 31, 33 இரண்டையும் புரட்டுங்கள்.

பதிவின் மேல்பகுதியில் வழக்கு நடந்த ஊர், தண்டனைக் காலம், சிறை அதிகாரியின் சான்று, மிதவைச் சிறைக் கப்பலின் சான்று எல்லாம் இருக்கும். அவற்றோடு, கரையிறங்கியதும் விசாரித்தபோது அவரே தன் குற்றத்தைப் பற்றிச் சொன்ன வாக்குமூலமும் இருக்கும். அதை விட்டுவிடாதீர்கள். நீதிமன்றம் எழுதியதும் இவர் சொன்னதும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. கீழ்ப்பகுதியில் தீவில் செய்த குற்றங்கள், கசையடி, தனிச்சிறை எல்லாம் தேதிவாரியாக வரும். டி.எல். என்றால் நன்னடத்தை அனுமதிச் சீட்டு, சி.பி. என்றால் நிபந்தனை மன்னிப்பு.

அடுத்து அங்க அடையாளப் பட்டியலான கான் 18. காலணி இல்லாமல் அளந்த உயரம், மச்சம், தழும்பு, பச்சை குத்திய எழுத்துகள் வரை குறித்திருப்பார்கள். கையில் குத்திய எழுத்துகள் பெரும்பாலும் மனைவி, பெற்றோர், உடன்பிறந்தோர் பெயர்களின் முதலெழுத்துகள். இங்கிலாந்தின் தேவாலயப் பதிவேட்டோடு அவற்றைப் பொருத்திப் பார்த்தால் ஆள் அவர்தானா என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

அதன்பிறகு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். அங்கே உள்துறை அலுவலக ஆவணங்களுக்கு எச்.ஓ. (HO) என்று குறியீடு: நாடுகடத்தல் பதிவேடு எச்.ஓ. 11, மிதவைச் சிறைகளுக்கு எச்.ஓ. 9, குற்றப் பதிவேடு எச்.ஓ. 27, கருணை மனுக்கள் எச்.ஓ. 17. மனு கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். ஊர்ப் பாதிரியாரும் அண்டை வீட்டாரும் கையெழுத்திட்டு, குடும்ப நிலைமையை விவரித்திருப்பார்கள்.

ஓர் எச்சரிக்கை: பெயரை நம்பாதீர்கள், கப்பலையும் ஆண்டையும் பிடியுங்கள். எச்.ஓ. 11இல் இருப்பது புறப்பட்ட தேதி. 1830-31 கலவரக் கைதிகளை ஏற்றிச்சென்ற எலைசா கப்பல் 1831 பிப்ரவரியில் கிளம்பி மே மாதக் கடைசியில்தான் ஹோபார்ட் சேர்ந்தது. புறப்பட்ட தேதியை வந்த தேதியாக எடுத்துக்கொண்டு தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஒரே பெயரில் பல கப்பல்கள், ஒரே கப்பலுக்குப் பல பயணங்கள் என்பதால் பெயருக்குப் பக்கத்தில் (2), (3) என்று எண் போட்டிருப்பார்கள். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தீவைப்புக்குத் தூக்குத் தண்டனை இல்லையா?

பதில்: இருந்தது. 1830-31இல் இங்கிலாந்துப் பண்ணைக் கூலிகள் நடத்திய 'ஸ்விங்' கலவரங்களுக்காகத் தூக்கிலிடப்பட்ட 19 பேரில் பெரும்பாலோர் தீவைத்தவர்கள்தான். நாடுகடத்தப்பட்ட ஏறத்தாழ 500 பேரில் பெரும்பாலோரோ கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தவர்கள். ஆகவே, 'எலைசாவில் வந்தவர், அதனால் தீவைத்தவர்' என்று முடிவுகட்டாதீர்கள். 1837 சட்டத்துக்குப் பிறகு, உள்ளே ஆள் இருக்கும் வீட்டைக் கொளுத்தினால்தான் தூக்கு. வைக்கோற்போருக்கு நாடுகடத்தலோ சிறையோ கிடைக்கும். 1827இல் விற்பனைக்கு வந்த உரசு தீக்குச்சி இந்தக் குற்றத்தை எளிதாக்கிவிட்டது. சட்டைப்பையில் கொண்டுபோகலாம், இருட்டில் ஒரு நொடியில் பற்றவைக்கலாம்.

கேள்வி: என் மனைவியின் முன்னோர் பெயர் ஜான் ஸ்மித். 1830களில் வந்தாராம். கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: கப்பல், ஆண்டு, வழக்கு நடந்த ஊர். மூன்றில் இரண்டு வேண்டும்.

கேள்வி: அயர்லாந்துப் பெண்கள் நாடுகடத்தப்படுவதற்காகவே தீவைத்தார்கள் என்கிறார்களே, நம்பலாமா?

பதில்: நம்பலாம். 1845க்குப் பிறகான பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்த நாடு அது. திருட்டுக்கு ஏழாண்டு நாடுகடத்தல் கிடைக்கலாம், சில மாதச் சிறையோடும் முடிந்துபோகலாம். தீவைப்பு அப்படியல்ல, கப்பலேறுவது ஏறக்குறைய நிச்சயம். இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து வைக்கோற்போரைக் கொளுத்திவிட்டு, ஓடாமல் அங்கேயே நின்று, நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட வழக்குகள் உண்டு. நாடுகடத்தப்படத்தான் செய்தேன் என்று சொன்னவர்களும் உண்டு.

கேள்வி (மற்றொருவர்): ஏற்க முடியவில்லை. கைதிகள் தீவுக்கு யார் விரும்பிப் போவார்கள்? போலீஸ் மிரட்டி வாங்கிய வாக்குமூலமாக இருக்கும்.

பதில்: மிரட்டி வாங்கியது என்றால் தண்டனை குறைய வேண்டும் என்றல்லவா அவர்கள் மன்றாடியிருக்க வேண்டும்? போர்ட் ஆர்தரை நினைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். அது தீவுக்கு வந்தபின் மறுபடி குற்றம் செய்த ஆண்களை அடைத்த இடம். 1844 முதல் 1850 வரை வந்த பெண்களில் பெரும்பாலோரை டெர்வென்ட் ஆற்றில் நின்ற ஆன்சன் கப்பலில் ஆறு மாதம் வைத்து, பிறகு வீட்டு வேலைக்குக் கூலிக்கு அனுப்பினார்கள். பட்டினி கிடந்தவருக்கு அங்கே வேளைக்குச் சோறு உறுதி.

கேள்வி (அவரே): அப்படியானால் அது தண்டனையே இல்லை என்கிறீர்களா?

பதில்: அப்படிச் சொல்லவே இல்லை. குழந்தையோடு வந்தவர் ஹோபார்ட்டில் அதைப் பிரிய நேர்ந்தது. பால்குடி மறந்து சற்று வளர்ந்த பிள்ளைகளை நியூ டவுன் அநாதை விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். எஜமானரிடம் எதிர்த்துப் பேசினால் காஸ்கேட்ஸ் பெண்கள் சிறை. இதெல்லாம் தெரிந்தும் அந்தப் பெண்கள் தீக்குச்சியைக் கிழித்தார்களா என்பது வேறு கேள்வி. ஊரில் இருந்தால் என்ன ஆகும் என்பது மட்டும் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எல்லா வழக்கும் இப்படி என்று நான் சொல்லவில்லை. நிலத்தைவிட்டு விரட்டியவர்மேல் இருந்த கோபத்தில் வைத்தவர்களும் இருந்தார்கள். கான் 41இல் அவரவர் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு ஒவ்வொரு வழக்காக முடிவு செய்யுங்கள்.

கேள்வி: அயர்லாந்துப் பதிவுகள் 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் போய்விட்டனவாமே?

பதில்: 1836க்கு முந்தைய நாடுகடத்தல் பதிவேடுகள் போயின. பிந்தையவை டப்ளினில் இருக்கின்றன.

கேள்வி: மேரி, அயர்லாந்து, 1849. எந்தக் கப்பல்?

பதில்: இதற்கும் ஜான் ஸ்மித்துக்குச் சொன்ன பதில்தான். வழக்கு நடந்த ஊரைத் தேடுங்கள்.

கேள்வி: சென்னை மாகாணத்தில் தீவைத்தவர்களை எங்கே அனுப்பினார்கள்?

பதில்: அது என் துறை அல்ல. 1858 முதல் அந்தமான், அதற்கு முன் பினாங்கு, சிங்கப்பூர் பக்கம். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் நீதித்துறைக் கோப்புகளைக் கேளுங்கள்.

கேள்வி: ஆயுள் தண்டனை பெற்றவர் எப்போதாவது ஊர் திரும்பியிருக்க முடியுமா?

பதில்: முழு மன்னிப்பு கிடைத்திருந்தால் முடியும். நிபந்தனை மன்னிப்பு மட்டும் என்றால் பிரிட்டனுக்குத் திரும்பத் தடை. ஆயுள் கைதிக்கு விடுதலைச் சான்றிதழே கிடையாது. அதனால் அந்தப் பட்டியலில் பெயரைக் காணோம் என்று நேரத்தை வீணாக்காமல் மன்னிப்புப் பட்டியல்களைப் பாருங்கள். அதிலும் கப்பல் பெயரைச் சரிபார்த்த பிறகே எழுதிக்கொள்ளுங்கள்.