எலுமிச்சம்பழத்தால் இளகிய கடல்பாசி

கேள்வி: நோன்பு திறக்கும்போது குடிக்கச் சாப்பிட என்று வருஷா வருஷம் வீட்டில் கடல்பாசி காய்ச்சுவோம், கடையில் வாங்கும் பாக்கெட்டில். இந்த முறை பெரியபட்டினத்திலிருந்து மாமி காய்ந்த கஞ்சிப்பாசி ஒரு பை கொடுத்தனுப்பினார். ஊறவைத்து, காய்ச்சி, வாடை போவதற்கு எலுமிச்சம்பழம் பிழிந்து வடிகட்டினேன். கலங்கலாக இருக்கிறது, உப்புக் கரிக்கிறது, கரண்டி பட்டதும் குழைந்துவிடுகிறது. எங்கே தவறு செய்தேன்?
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: பாதித் தவறு எலுமிச்சம்பழத்தில்தான், சகோதரி. மதுரைப் பக்கம், கடல்பாசியிலிருந்து அகர் என்ற உறையும் பொருளை எடுக்கும் ஓர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் இருந்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாசியை மிருதுவாக்க ஊற்றும் அமிலத்தின் அளவைக் கூட்டிவிட்டேன். அன்று காய்ச்சிய கொப்பரை முழுவதும் கூழாகவே நின்றது, உறையவே இல்லை. கடல்பாசியின் உறையும் பொருள் கேலக்டோஸ் என்ற சர்க்கரை நூற்றுக்கணக்கில் கோத்த நீளமான சங்கிலி. கொதிநிலையில் புளிப்புப் பட்டால் அந்தச் சங்கிலி துண்டு துண்டாக அறுந்துவிடும். அறுந்ததை மறுபடி சேர்க்க வழியில்லை. எலுமிச்சை வேண்டுமென்றால் அடுப்பை அணைத்து, சூடு தணிந்து, உறைவதற்குச் சற்று முன்னால் பிழியுங்கள்.

மீதிப் பாதி பாசியின் குணம். மரிக்கொழுந்துப் பாசி என்ற இன்னொரு வகைக் கடல்பாசியில் எடுத்த அகர் கல் மாதிரி உறையும். கஞ்சிப்பாசி அப்படி இல்லை. கடலோரத்தில் அதைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தார்கள், பெயரே அதைச் சொல்கிறது. காரணம் அதன் சங்கிலியில் ஆங்காங்கே ஒட்டியிருக்கும் சல்ஃபேட் என்ற கந்தகத் தொகுதி. இரண்டு புரிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டால்தான் கயிறு. அகர் உறைவதும் அதே போலத்தான். சல்ஃபேட் இருக்கும் இடத்தில் சங்கிலி கோணிக்கொள்கிறது, பக்கத்துப் புரியையும் தள்ளிவிடுகிறது, முறுக்கு ஏறுவதில்லை. ஆகவே சுத்திகரிப்பு என்றால் மண்ணையும் உப்பையும் நீக்குவது மட்டும் இல்லை, மூலக்கூறுக்குள்ளேயே ஒட்டியிருப்பதையும் நீக்க வேண்டும். ஆலையில் கஞ்சிப்பாசியைக் காய்ச்சுவதற்கு முன்பு காஸ்டிக் சோடா என்ற கடுமையான காரத்தின் கரைசலில் சில மணி நேரம் சூடாக வைப்போம். சல்ஃபேட் கழன்றுபோய், கோணல் நிமிர்ந்துவிடும். பிறகு காரம் துளியும் மிஞ்சாமல் கழுவ வேண்டும். இதை வீட்டு அடுப்பில் செய்யாதீர்கள். காஸ்டிக் கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும்.

காரம் இல்லாமலே உங்கள் பாசியை வெகுவாகத் தேற்றலாம். அவசரப்படாமல் செய்யுங்கள். முதலில் நல்ல தண்ணீரில் அலசி, மண், சிப்பித் துணுக்கு, ஒட்டியிருக்கும் வேறு பாசி எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எடுங்கள். பிறகு மாடியில் துணி விரித்துக் காயவைத்து, மறுபடி நனைத்து, மறுபடி காயவைத்து, மூன்று நான்கு நாள் இப்படிச் செய்தால் நிறம் வெளுத்து வைக்கோல் மாதிரி வரும். வாடையும் உப்பும் பெரும்பாலும் இங்கேயே போய்விடும். பாசி எடுக்கப் போகும் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு, பாறையில் கை கிழியக் கிழிய மூழ்கிப் பறித்துவரும் சரக்கு இது. கழுவுகிற வேலையில் நாம் சோம்பல் காட்டுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

வெளுத்த பாசி 50 கிராமுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் விட்டு, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சிறு தீயில் கொதிக்க விடுங்கள். வடிகட்டுவது கொதிக்கக் கொதிக்க நடக்க வேண்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தாலே உறையத் தொடங்கி, துணியிலேயே நின்றுவிடும். உறைந்ததை மறுபடி உருக்குவதற்கு ஏறக்குறைய 85 டிகிரி வேண்டும். ஆலையில் வடிகட்டியில் டயட்டமைட் என்ற வெள்ளை மண்ணைப் பூசுவோம். அது நீரில் வாழ்ந்த டயட்டம் என்னும் நுண்பாசிகளின் கண்ணாடி ஓடு. பாசியை வடிக்கப் பாசியின் ஓடே துணை வருவது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். உங்களுக்கு இரட்டை மடிப்பு மல் துணி போதும்.

அடுத்ததுதான் முக்கியம். உறைந்ததை விரல் பருமனுக்கு நறுக்கி, ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்து, காலையில் துணியின் மேல் உருக விடுங்கள். பனிக்கட்டியாகும்போது தண்ணீர் தனியே பிரிந்துவிடும். உருகி ஓடும் அந்தத் தண்ணீரோடு உப்பு, நிறம், கரையும் அழுக்கு எல்லாம் போய்விட, அகர் பஞ்சு போலத் துணியில் தங்கும். ஜப்பானில் மலையடிவாரக் குளிரில் வெட்டவெளியில் பரப்பிவைத்துப் பல நூற்றாண்டுகளாகச் செய்துவருவது இதே முறைதான். அந்தப் பஞ்சை வெயிலில் காயவைத்து எடுத்து வையுங்கள். அடுத்த நோன்புக்குப் பாலிலோ இளநீரிலோ காய்ச்சிப் பாருங்கள். கடைச் சரக்கின் இறுக்கம் வராது, ஆனால் தெளிவும் மணமும் வேறாக இருக்கும். உறைந்த பிறகு ஓரத்தில் கொஞ்சம் நீர் கசிந்தால் கவலைப்பட வேண்டாம், அகரின் இயல்பு அது.

கேள்வி: சைனா கிராஸ் சைவமா, அசைவமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: சைவம். சைனா கிராஸ் என்பது மேலே சொன்ன அகர்தான், முழுக்கப் பாசி. விலங்கின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது ஜெலட்டின், அது வேறு. பாக்கெட்டில் 406 என்ற எண் இருந்தால் அகர், 407 என்றால் கேரஜீனன், 401 என்றால் சோடியம் ஆல்ஜினேட். மூன்றும் கடல்பாசியில் எடுப்பவைதான்.

கேள்வி: கல்லூரி புராஜெக்டுக்காக இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் எடுக்கிறேன். அமிலத்தில் ஊறவைத்து, பிறகு 10 சதவீத காஸ்டிக்கில் காய்ச்சினேன். வெள்ளைத் தூள் கிடைத்தது. ஆனால் அசிட்டிக் அமிலத்தில் கரையவில்லை.
– ஒரு மாணவர், தூத்துக்குடி

பதில்: தம்பி, உங்கள் கையில் இருப்பது கைட்டின், அதாவது ஓட்டுக்கு உறுதி தரும் சங்கிலிப் பொருள். கைட்டோசான் அதிலிருந்து வருவது. தவறு இல்லை, பாதி வழியில் நிற்கிறீர்கள். அமிலம் ஓட்டின் சுண்ணாம்பை நுரைத்துக் கரைத்தது, நீர்த்த காரம் புரதத்தைக் கரைத்தது. கைட்டினின் ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் அசிட்டைல் தொகுதி இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றுவதற்கு 40 முதல் 50 சதவீதக் காரமும், 100 டிகிரியை ஒட்டிய சூடும், சில மணி நேரமும் வேண்டும். அசிட்டைல் பெரும்பகுதி கழன்றதும் 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரையும். அதுதான் நீங்கள் கைட்டோசானை எட்டியதற்குச் சாட்சி. ஆசிரியர் பக்கத்தில் இருக்க, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, புகைபோக்கிக் கூண்டுக்குள் செய்யுங்கள். கரைசலை வடிகட்டிக் கரையாததை நீக்கிய பிறகு, நீர்த்த காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் தூய கைட்டோசான் வெள்ளைத் திரியாகப் படியும். லிட்மஸின் நிறம் மாறுவது நிற்கும் வரைக்கும் கழுவிக் காயவையுங்கள்.