எலியோடு நிறுத்தால் எடை ஏறத்தான் செய்யும்

கேள்வி: டாக்டர், வணக்கம். மூன்று வயது பால் பைத்தான் (ball python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் மலைப்பாம்பு) ஒன்று வளர்க்கிறேன். ஆண் என்று சொல்லித்தான் விற்றார்கள். எலி தின்ற மறுநாள் நிறுத்தபோது 1,420 கிராம் இருந்தது. எலியே 120 கிராம். அதற்குப் பிறகு ஐந்து வாரமாக எதையும் தொடவில்லை. இடையில் சட்டை உரித்தது, மலமும் கழித்தது. நேற்று பார்த்தால் 1,315 கிராம்! நான் ஏர்கோன் போட்டுத் தூங்கும் அறையில்தான் அதன் பெட்டியும் இருக்கிறது. "பால் வைத்துப் பாரேன்" என்கிறார் அம்மா. என்ன செய்வது?

- வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: தம்பி, முதலில் கணக்கைப் போடுவோம். 1,420இல் எலியைக் கழித்தால் 1,300. நேற்று வயிறு காலியாக இருந்தபோது 1,315. ஆக, உங்கள் பாம்பு இளைக்கவே இல்லை. குறைந்தது எலிதான்.

இனிமேல் இரை கொடுப்பதற்கு முன், மலம் கழித்த பிறகு நிறுங்கள். சமையலறை டிஜிட்டல் தராசே போதும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, பாம்பை உள்ளே விடுங்கள். மூடாவிட்டால் தலையை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும், எண் ஓரிடத்தில் நிற்காது. மாதம் இரண்டு தடவை போதும். இன்னொன்று, இரை விழுங்கி இரண்டு நாளாவது பாம்பைத் தூக்கக் கூடாது, கக்கிவிடும். நீங்கள் மறுநாளே தூக்கியிருக்கிறீர்கள்!

சட்டை உரிப்பதால் குறைவது சில கிராம்தான். ஆனால் உரிப்பதற்கு முன் கண் மங்கியிருக்கும் நாட்களில் பெரும்பாலும் சாப்பிடாது. வளர்ந்த ஆண் என்றால் இனப்பெருக்கப் பருவத்தில் மாதக்கணக்கில்கூடப் பட்டினி கிடக்கும். பினாங்குக்காரனான எனக்கு இதில் ஆச்சரியமில்லை. பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் கிளையில் சுருண்டிருக்கும் விரியன்கள் அசைவதே அபூர்வம். ஆனால் ஆசாமி ஆண்தானா என்று மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். பெண்ணாக இருந்தால் முட்டை உருவாகும்போது கனம் கூடும், இட்டதும் சட்டென்று இறங்கிவிடும்.

எனக்குக் கவலை உங்கள் ஏர்கோன்தான். ஆப்பிரிக்காவின் வெப்பப் பகுதியைச் சேர்ந்த பாம்பு அது. பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி, மறுபக்கம் 25 முதல் 27 டிகிரி வேண்டும். கோலாலம்பூர் வெக்கையில் இது பெரிய பாடில்லை. ஆனால் இரவெல்லாம் 20 டிகிரியில் ஏர்கோன் ஓடினால் பசி எடுக்காது, தின்றதும் செரிக்காது. பெட்டியை வேறு அறைக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பொருத்திய ஹீட் மேட் (சூடாக்கும் விரிப்பு) வையுங்கள்.

தராசை மட்டும் நம்பாமல் முதுகையும் தடவிப் பாருங்கள். முதுகெலும்பு கூரை முகடுபோல் துருத்திக்கொண்டிருந்தால் இளைப்பு. உடம்பு வளையும்போது மடிப்பு விழுந்து, செதில்களுக்கு நடுவே தோல் தெரிந்தால் கொழுப்பு. வெறும் வயிற்று எடை 1,315இலிருந்து பத்தில் ஒரு பங்கு குறைந்து ஏறக்குறைய 1,180க்குக் கீழே போனால் காத்திருக்க வேண்டாம். மூக்கில் குமிழ் வந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, எடை எதுவாக இருந்தாலும் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போய்விடுங்கள். புதிய மலம் கிடைத்தால் சின்ன டப்பாவில் எடுத்துப் போங்கள். குடல் புழு இருக்கிறதா என்று பார்த்துவிடுவார்.

அம்மாவிடம் சொல்லுங்கள், பாம்புக்குப் பால் செரிக்காது. கிண்ணத்துத் தண்ணீரைத் தினமும் மாற்றினால் போதும்.