காருக்கு முழுக்க ஒரே பாலிஷ் போதுமா?

கேள்வி: என் பழைய காரின் குரோம் பம்பரில் பொட்டுப் பொட்டாகத் துரு. அலாய் வீல்களும் களை இழந்துவிட்டன. ‘எல்லா உலோகங்களுக்கும்’ என்று எழுதியிருந்த பாலிஷை வாங்கித் தேய்த்தேன். பம்பர் ஓரளவு தேறியது. வீல்களோ முன்பைவிட மங்கிவிட்டன. போலிச் சரக்கா?

பதில்: சரக்கு நல்லதாகவே இருந்திருக்கலாம். வீலில் நீங்கள் தேய்த்தது உலோகத்தையே அல்ல, அதுதான் சங்கதி. பெரும்பாலான அலாய் வீல்கள் மேல் நிறமில்லாத லாக்கர் பூச்சு உண்டு. உலோகப் பாலிஷில் உள்ள அரைக்கும் தூள் அந்தப் பூச்சில் பொடிக் கீறல்களைப் போட, பளபளப்பு போய்விடுகிறது.

வீல் முழுக்கத் தேய்க்கும் முன் இதைச் சோதித்திருக்கலாம். வீலைச் சோப்பு நீரில் நன்றாகக் கழுவிவிட்டு, மறைவான ஓரத்தில் ஒரு துளி பாலிஷை வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் அது வெறும் அலுமினியம், உலோகப் பாலிஷ் போடலாம். கறுக்கவில்லையா, மேலே பூச்சு இருக்கிறது. கழுவாமல் சோதித்தால் பிரேக் தூசியே துணியைக் கறுப்பாக்கி உங்களை ஏமாற்றிவிடும்.

பூச்சுள்ள வீலுக்குக் கார் ஷாம்பு, பெயிண்டுக்கான மென்மையான பாலிஷ், மேலே வாக்ஸ், அவ்வளவுதான். லாக்கருக்கு அடியில் வெள்ளைப் புழு நெளிவதுபோல் கோடுகள் தெரிந்தால் காசை எந்தப் புட்டியிலும் கொட்டாதீர்கள். பூச்சைச் சுரண்டி எடுத்துப் புதிதாக அடிப்பதுதான் வழி.

பம்பர் கதை வேறு. குரோமுக்குத் துரு ஏறாது. அது பெரும்பாலும் ஒரு மைக்ரான்கூட இல்லாத மெல்லிய படலம். அதன் கீழே நிக்கல், அதற்கும் கீழே இரும்பு. நுண்துளைகள் வழியே ஈரம் இறங்கி அந்த இரும்பைத் தின்பதைத்தான் நீங்கள் பொட்டாகப் பார்க்கிறீர்கள். சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் மேலோட்டத் துரு வந்துவிடும். அலுமினியம் குரோமைவிட மிருதுவானது, அதனால் கீறல் பயம் குறைவு. கழுவித் துடைத்துக் காய்ந்ததும் வாக்ஸ் போட மறக்காதீர்கள். துளைகள் திறந்தே கிடந்தால் துரு திரும்ப வரும். விழுந்த குழி குழிதான், அதற்கு மறுமுலாம் வேண்டும்.

அப்புறம், காரில் குரோம் மாதிரி மின்னுவதெல்லாம் உலோகம் என்று நம்பிவிடாதீர்கள். இப்போதைய கார்களின் கிரில் பெரும்பாலும் முலாம் பூசிய பிளாஸ்டிக்.

கேள்வி: தெளித்த சில நிமிடங்களில் வீலைப் பளிச்சென்று ஆக்கும் திரவங்களை வாங்கலாமா?

பதில்: லேபிளைப் படித்துவிட்டு. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் அல்லது அம்மோனியம் பைஃபுளோரைடு என்று இருந்தால் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். தோல் வழியாக உள்ளே இறங்கி எலும்புவரை பாதிக்கக்கூடியவை. தொட்டவுடன் வலிக்காமலும் இருக்கலாம், ஆபத்தே அதில்தான். அமிலமோ காரமோ இல்லாத திரவம் போதும். சில திரவங்கள் பிரேக் தூசியின் இரும்போடு சேர்ந்து ஊதாவாக மாறும். அதைப் பார்த்து வீல் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். சூடான வீலில் மட்டும் எதையும் தெளிக்காதீர்கள், காய்ந்து கறையாகிவிடும்.

கேள்வி: எலுமிச்சம்பழம், வினிகர், பற்பசை?

பதில்: பற்பசையும் ஓர் அரைக்கும் பசைதான், சின்னக் குரோம் பாகத்துக்கு அவசரத்துக்கு ஆகும். புளிப்பானவற்றை அலுமினியத்தில் தேய்க்க வேண்டாம். ஜன்னலைச் சுற்றியுள்ள வெள்ளி நிறப் பட்டை பல கார்களில் ஆனோடைஸ் செய்த, அதாவது மின்சாரம் பாய்ச்சி மேலே பாதுகாப்பு ஆக்சைடு படலம் வளர்த்த அலுமினியம். அமிலமும் காரமும் அதில் பால் படிந்ததுபோல் கறை போடும். உலோகப் பாலிஷ் போட்டால் அந்தப் பாதுகாப்புப் படலமே உரிந்துவிடும். அதற்கு ஷாம்பு தண்ணீரும் துணியும்தான்.