கடையிலேயே தொடங்கும் குப்பை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஞாயிறுதோறும் மகாராஜநகர் உழவர் சந்தையில் ஒரு வாரத்துக்கான காய்கறியை வாங்கிவிடுகிறோம். வீட்டில் நாங்கள் இருவர்தான். வாங்கும் நான்கு கட்டுக் கீரையில் இரண்டும், தக்காளியில் பாதியும் புதன்கிழமைக்குள் அழுகிவிடுகின்றன. பெரிய ஃபிரிட்ஜ் வாங்கலாமா?
– பாளையங்கோட்டை

பதில்: வேண்டாம். இருவருக்கு எதற்கு நான்கு கட்டுக் கீரை? விலை மலிவு என்று அள்ளி வந்து குப்பையில் போட்டால் அது மலிவே இல்லை. சந்தை தினமும் காலையில் நடக்கிறது. வாரத்தில் இரண்டு நடை போய் வாருங்கள். கீரையை வாங்கிய அன்றே சமைத்துவிடுங்கள். தக்காளியில் பாதி பழமாகவும் பாதி செங்காயாகவும் பொறுக்குங்கள். மிஞ்சிய கத்தரிக்காயும் முருங்கைக்காயும் கொத்தவரையும் சேர்ந்தால் கூட்டாஞ்சோறு ஆயிற்று. நெல்லைக்காரருக்கு இதை எழுதிச் சொல்ல வேண்டியிருப்பதே எனக்கு வருத்தம்.

கேள்வி: மஞ்சப்பையோடு போனால் மளிகைக் கடைக்காரர் சிரிக்கிறார்.
– பேட்டை

பதில்: சிரிக்கட்டும். பிளாஸ்டிக் கைப்பைக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. சட்டத்தின் பக்கம் நிற்பவர் நீங்கள்தான்.

கேள்வி: மகள் திருமணத்துக்கு மணமக்கள் பெயர் நெய்த பத்தமடைப் பாய் சொல்லி வாங்கினேன். விரித்துப் பார்த்தால் பிளாஸ்டிக் இழை. பெயரும் மேலே அச்சடித்தது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் இருப்பதைக் காட்டி, மூன்று நாளாகத் திருப்பி அனுப்புகிறார்கள். படிக்காமல் வாங்கியது என் தவறா?
– அம்பாசமுத்திரம்

பதில்: உங்கள் தவறே இல்லை, அம்மா. கேட்ட பொருள் வேறு, கொடுத்த பொருள் வேறு. இது ஏமாற்று. பில்லில் அந்த வாசகத்தை அச்சடித்துவிட்டால் கடைக்காரர் தப்பிவிட முடியாது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிகம் என்கிறது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பில்லில் கெடு குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் அவகாசம் உண்டு. பில்லையும் பாயையும் பத்திரமாக வையுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் போடலாம்.

மற்றவர்களுக்கு ஒன்று: பாயின் ஓரத்தில் உதிர்ந்த ஓர் இழையை நெருப்பில் காட்டுங்கள். கோரை, புல்லைப் போலக் கருகிச் சாம்பலாகும். பிளாஸ்டிக் உருகிச் சுருண்டு உருண்டையாகும். கோரைப் பாய் கிழிந்தாலும் மண்ணோடு மக்கிவிடும். மற்றது வெயிலில் நொறுங்கித் துகளாக முற்றத்திலேயே கிடக்கும்.

கேள்வி: பழைய பித்தளைப் பாத்திரத்தைப் போட்டால் புதுப் பிளாஸ்டிக் குடங்கள் தருவதாகத் தெருவில் கூவி வருகிறார்கள். போடலாமா?
– திருநெல்வேலி டவுன்

பதில்: போடாதீர்கள். நான் போட்டேன். என் அம்மா சீதனமாகக் கொண்டுவந்த குடம் அது. கழுத்தில் அவள் பெயரின் முதலெழுத்தைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தார்கள். அடியில் சிறு ஒழுகல் என்று அதைக் கொடுத்து மூன்று பிளாஸ்டிக் குடங்கள் வாங்கினேன். மொட்டைமாடி வெயிலில் இரண்டாவது கோடையிலேயே முதல் குடம் கீறியது. அடுத்த கோடைக்கு மற்ற இரண்டும் போயின. கையில் எடுத்தால் முட்டை ஓடு போல் உடைந்தன. பழைய இரும்பு எடுப்பவரும் வேண்டாம் என்று போய்விட்டார். பாத்திரக் கடையில் கொடுத்துப் பற்றவைத்திருந்தால் அம்மாவின் குடம் இன்றும் என் வீட்டில் இருந்திருக்கும்.

கேள்வி: காபித்தூள், ஷாம்பு, சோப்புத்தூள் எல்லாம் சரம் சரமாகச் சிறு பாக்கெட்டில் வாங்குகிறோம். குப்பைக்கூடை முழுவதும் உறைதான். பெரிதாக வாங்கினால் செலவு குறையுமா?
– மேலப்பாளையம்

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். ஷாம்புவில் பல சமயம் பாட்டிலைவிடச் சிறு பாக்கெட்டே மலிவு. மில்லி கணக்கில் நானே வகுத்துப் பார்த்திருக்கிறேன். அன்றாடக் கூலியில் குடும்பம் நடத்துபவரை நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். விலையை அப்படி வைத்தது அவர்கள் இல்லை. அந்த உறை பிளாஸ்டிக்கும் அலுமினியத் தகடும் ஒட்டிய அடுக்கு. பிரித்தெடுப்பது கடினம் என்பதால் எந்தப் பழைய பொருள் வியாபாரியும் அதைத் தொடமாட்டார். லாபம் கம்பெனிக்கு, உறை பாளையங்கால்வாய்க்கு. உறையைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பவருக்கு உண்டு என்று 2016ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. நம் தெருவுக்கு யாராவது சேகரிக்க வந்தார்களா? எத்தனை கூட்டத்தில் கேட்டாலும் இதைக் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். காபித்தூளை அரைத்துத் தரும் கடைக்குச் சொந்த டப்பாவோடு போங்கள். நல்லெண்ணெய்க்குச் செக்கு, தூக்குவாளி. சீயக்காயை மில்லில் அரைத்துக்கொள்ளலாம். சோப்புத்தூளைப் பெரிய பையாக எடுக்கும் முன் ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ என்ன விலை என்று உறையில் பாருங்கள். அதை அச்சிட வேண்டும் என்பது விதி. பெரிய பை என்றாலே மலிவு என்று நம்பிவிடாதீர்கள்.

கேள்வி: மிக்ஸி ஜாடி உடைந்துவிட்டது. புது மிக்ஸியே வாங்கச் சொல்கிறார் கடைக்காரர்.
– வண்ணார்பேட்டை

பதில்: மோட்டார் ஓடுகிறதா? அப்படியானால் ஜாடி மட்டும் வாங்குங்கள். அவர் தரவில்லை என்றால் பழுது பார்ப்பவரிடம் கேளுங்கள்.