வளவுக்குள் பிள்ளைகள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: தென்னையில் ஊஞ்சல் கட்டலாமா? (உவர்மலை)

கூடாது. தேங்காயும் விழும், காய்ந்த மட்டையும் விழும். முருங்கையிலும் வேண்டாம், கிளை சட்டென்று முறியும். வேம்பு என்றால் சரி.

கேள்வி: மகன் வேலியோரத்தில் ஏதோ காய் தின்றுவிட்டான். இப்போது நன்றாகத்தான் இருக்கிறான். ஏதும் செய்ய வேண்டுமா? (கிண்ணியா)

பிள்ளையின் வயதும் எழுதவில்லை, காயின் பெயரும் எழுதவில்லை. தங்கச்சி, இதற்கெல்லாம் கடிதம் போட்டுவிட்டுக் காத்திருப்பதா? வேலியோரம் என்றதும் எனக்கு மஞ்சள் அலரிதான் நினைவு வருகிறது. அதன் நஞ்சு இதயத் துடிப்பைக் குழப்பும். தின்ற பிள்ளை தொடக்கத்தில் ஓடியாடித் திரியலாம், அதை நம்பாதீர்கள். வாந்தி எடுக்க வைக்காமல், காயையும் இலையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாகனம் இல்லையென்றால் அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். குன்றிமணி, ஊமத்தை, கார்த்திகைப்பூக் கிழங்கு எதுவானாலும் இதே பதில்தான்.

கேள்வி: கிணற்றைத் தகரத்தால் மூடி வைத்திருக்கிறோம். பேத்திக்கு இரண்டு வயது. போதும்தானே? (சாம்பல்தீவு)

போதாது ஐயா. எத்தனை தடவை எழுதிவிட்டேன்! கடற்காற்றில் தகரம் சீக்கிரம் உக்கிவிடும். பந்து எடுக்க அதன்மேல் ஒரு பிள்ளை ஏறினால் தகரத்தோடு உள்ளே போகும். திறந்த கிணறு என்றால் பெரியவர்கள் பயந்தாவது கவனிப்பார்கள், தகரம் கிடந்தால் அந்தக் கவனமும் போய்விடுகிறது. மதில் கட்டவும் கேற்றுக்குப் பூச்சு அடிக்கவும் காசு இருக்கிறது, கிணறு என்றால் மட்டும் 'பிறகு பார்ப்போம்'. வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் இன்னும் மோசம். கட்டு மூன்றரை, நான்கு அடி உயரம் வேண்டும். மேலே சட்டம் போட்ட இரும்புக் கம்பி மூடி, அதற்குப் பூட்டு. கட்டுக்குப் பக்கத்தில் துவைக்கிற கல், கவிழ்த்த வாளி, கதிரை எதுவும் இருக்கக் கூடாது, பிள்ளைக்கு அதுவே படி. கார்த்திகை, மார்கழி மழையில் தண்ணீர் மேலே வந்துவிடும், அப்போது இரட்டிப்புக் கவனம். தத்தி நடக்கிற பிள்ளைக்கு வாளியில் சில அங்குலத் தண்ணீரே ஆபத்து. மூழ்குகிற பிள்ளை பெரும்பாலும் சத்தம் போடாது. பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், கூப்பிடு தூரம் போதாது.

கேள்வி: கத்தரிக்கு அடித்த மருந்தில் மிச்சத்தைச் சோடாப் போத்தலில் வைக்கலாமா? (தம்பலகாமம்)

வைக்கவே கூடாது. மண்ணெண்ணெய்க்கும் இதேதான். அதன் போத்தலிலேயே, பூட்டிய பெட்டியில் வையுங்கள். பிள்ளை மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும்.

கேள்வி: உள்ளி கரைத்துத் தெளித்தால் பாம்பு வராதாமே? (நிலாவெளி)

வரும். வீட்டோரத்து உரிமட்டைக் குவியலையும் பழைய கிடுகையும் அப்புறப்படுத்துங்கள். இருட்டினால் ரோச் லைட்டும் செருப்பும் இல்லாமல் பிள்ளையை முற்றத்துக்கு விடாதீர்கள். கடித்துவிட்டால் கீறுவதும் வேண்டாம், இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: பழைய டயரில் ஊஞ்சல் செய்திருக்கிறோம். டெங்கு வருமா? (பாலையூற்று)

மழைத் தண்ணீர் நின்றால் வரும். 2017இல் கிண்ணியா பட்ட பாட்டை மறந்துவிட்டோமா? அடியில் மூன்று நான்கு ஓட்டை போடுங்கள், கிழமைக்கு ஒருதடவை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது.