சுவிட்ச் யார் கையில இருக்கு? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்க எழுத்தை ரொம்ப நாளா படிச்சிட்டு வரேன், எழுதுறது இதான் முதல் தடவை. எங்க சபை யூத் ஃபெல்லோஷிப்ல ஒரு ஊழியம் பண்றோம். ரோடு சரியா போகாத, கரண்ட் நிலையில்லாத ஏழை கிராமங்களுக்கு சோலார்ல ஓடுற சின்ன ஆடியோ ப்ளேயர் கொண்டுபோய் குடுக்கறோம். அந்த மக்களோட மொழியிலயே பைபிள் கதை, சின்னச் சின்ன செய்தி, பாட்டு எல்லாம் அதுல பதிஞ்சிருக்கும். அங்க நிறைய பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால புத்தகம் குடுத்து பிரயோஜனம் இல்ல.

போன தடவை நானும் போயிருந்தேன். ஒரு வயசான அம்மா ப்ளேயரை மடியில வச்சிட்டு ஒரு கதையை முழுசா கேட்டாங்க. முடிஞ்சதும் அந்தப் பெட்டியைப் பாத்து ஏதோ கேட்டாங்க, அப்புறம் எங்களைப் பாத்து அதையே கேட்டாங்க. எங்க டீம்ல ஒருத்தருக்கும் அந்த மொழி தெரியாது. சிரிச்சு கும்பிட்டுட்டு கிளம்பிட்டோம். வந்து எழுதின ரிப்போர்ட்ல அந்த அம்மா "செய்தியைக் கேட்டவர்கள்" கணக்குல ஒரு நம்பர்.

இதை என் ஃப்ரெண்ட் ஒருத்தன்கிட்ட சொன்னேன். அவன் கிறிஸ்தவன் இல்ல. "சாப்பாட்டுக்கே கஷ்டப்படறவங்ககிட்ட இலவசமா ஒரு பொருளைக் குடுத்து மதத்தை திணிக்கிறீங்க, வசதியா இருக்கறவன் வீட்டுக் கதவைத் தட்டி இதே மாதிரி செய்வீங்களா"ன்னு கேட்டான். எனக்கு பதில் வரல. இந்த ஊழியத்தை விட மனசில்ல, ஆனா உறுத்தலோட செய்யவும் முடியல. நாங்க செய்றது சரியாண்ணே?

உங்கள் தம்பி
(பெயர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார்)

*

அன்புத் தம்பிக்கு,

உங்க ஃப்ரெண்ட் கேட்டதை விட அந்த அம்மா கேட்டதுதான் உங்களை அதிகமா உறுத்துதுன்னு எனக்கு தோணுது. நானும் விசுவாசிதான், சுவிசேஷம் சொல்லக்கூடாதுன்னு ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனா யாருக்கு சொல்றோமோ அவங்க கையில அதை நிறுத்தறதுக்கு ஒரு சுவிட்சும், திருப்பிக் கேள்வி கேக்க ஒரு ஆளும் இருக்கணும். இந்த ரெண்டும் இருந்தா அந்த ப்ளேயரை தாராளமா குடுங்க. ரெண்டுல ஒண்ணு இல்லன்னாலும் கொஞ்சம் நின்னு யோசிக்கணும்.

இந்த ஊழியம் எப்படி ஆரம்பிச்சுதுன்னு உங்க ஃபெல்லோஷிப்ல எத்தனை பேருக்கு தெரியும்னு தெரியல. ஜாய் ரிடர்ஹாஃப்னு ஒரு அமெரிக்க மிஷனரி, 1930ல ஹோண்டுராஸ் போனாங்க, அங்க மலைக் கிராமங்கள்ல ஊழியம், மலேரியா வந்து உடம்பு உடைஞ்சு 1936ல லாஸ் ஏஞ்சல்ஸுக்கு திரும்ப வேண்டியதாப் போச்சு. படுத்த படுக்கையா கிடந்தப்ப அவங்களுக்கு ஹோண்டுராஸ் சாராயக்கடைகள்ல சத்தமா ஓடிட்டிருந்த கிராமபோன் ஞாபகம் வந்துச்சு. நான் போகமுடியாத ஊருக்கு என் குரல் போகலாமேன்னு ஸ்பானிஷ்ல ஒரு ரெக்கார்டு போட்டாங்க. 1939ல அது காஸ்பல் ரெக்கார்டிங்ஸ்னு ஒரு அமைப்பாச்சு, இன்னிக்கு குளோபல் ரெக்கார்டிங்ஸ் நெட்வொர்க்னு பேரு, 6000க்கு மேல மொழிகள்லயும் வட்டார வழக்குகள்லயும் பதிவு பண்ணியிருக்காங்க. கவனிங்க, அந்தம்மா ஏற்கனவே அந்த மக்களோட வருஷக்கணக்குல இருந்தவங்க. யாருக்காக பேசறோம்னு அவங்களுக்கு முகம் தெரியும். தான் போக முடியாத நிலையில போட்டதுதான் அந்த ரெக்கார்டு, நம்மள மாதிரி போக முடிஞ்சவங்க போய் பேசாம வர்றதுக்காக போட்டது இல்ல.

அவங்க ஆளுங்க செஞ்ச ஒரு கருவி எனக்கு ரொம்ப பிடிக்கும். கார்டு டாக்னு பேரு, வெறும் அட்டை. மடிச்சா அதுவே கிராமபோன் ஆயிடும், அட்டையில ஒரு ஊசி, நடுவுல ரெக்கார்டு, ஒரு பேனாவையோ குச்சியையோ ரெக்கார்டுல வச்சு கையாலேயே சுத்தணும். கரண்ட் வேண்டாம் பேட்டரி வேண்டாம். வேகமா சுத்தினா குரல் கீச்சுன்னு போகும், மெதுவா சுத்தினா இழுக்கும், கையை எடுத்தா பேச்சு நின்னுடும். அதாவது கேக்குற ஆளுக்கு கேக்கணும்னு இருந்தாத்தான் அது பேசும்! இதை விட மரியாதையான ஒரு பிரசங்கம் இருக்க முடியாதுன்னு நான் நினைக்கிறேன். ஜீப் மேல ஹார்ன் ஸ்பீக்கர் கட்டிட்டு விடியக்காலையில ஊருக்குள்ள போறதை இதோட வச்சுப் பாருங்க, தூங்கற குழந்தை, காய்ச்சல்ல படுத்திருக்கறவர், வேற சாமி கும்பிடறவர், யாருக்கும் அதை நிறுத்த வழி இல்ல. சொல்ற விஷயம் ஒண்ணுதான், ஆனா கேக்குறவரை நடத்தற விதம் முழுசா வேற.

இன்னொரு பக்கமும் இருக்கு, நம்ம ஆளுங்க வரலாறுதான். பிலிப்பைன்ஸ்ல ஃபார் ஈஸ்ட் பிராட்காஸ்டிங் கம்பெனின்னு ஒரு கிறிஸ்தவ ரேடியோ அமைப்பு, 1948ல ரேடியோ ஸ்டேஷன் ஆரம்பிச்சாங்க, கிராமங்களுக்கு போர்ட்டபிள் மிஷனரின்னு ஒரு ரேடியோ பெட்டி குடுத்தாங்க, அதுல அவங்க ஸ்டேஷன் மட்டும்தான் வரும், வேற எதுக்கும் திருப்ப முடியாது. செலவு கம்மி, சாதாரண ஜனங்களுக்கு ஈஸின்னு நல்ல காரணமே இருந்திருக்கும், அவங்க உழைப்பை நான் குறைச்சு சொல்ல வரல. ஆனாலும் ஒரே குரல் மட்டும் வர்ற பெட்டியை ஒரு ஏழை வீட்ல வைக்கறது எனக்கு சங்கடமாத்தான் இருக்கு. நம்ம வீட்ல அப்படி ஒரு ரேடியோவை வச்சுப்போமா? இப்ப வர்ற சோலார் ப்ளேயர் சிலதுலயும் இதே கதைதான், உள்ள இருக்கறதை அழிக்க முடியாது, புதுசா எதையும் ஏத்தவும் முடியாது. கேசட் காலத்துல பின்னாடி ஓரத்துல இருக்கற அந்த சின்ன பிளாஸ்டிக் மூடியை ஒடச்சு விட்டுட்டா மேல ரெக்கார்டு பண்ண முடியாது, ஆனா அந்த ஓட்டை மேல ஒரு டேப் ஒட்டினா திரும்பவும் ரெக்கார்டு பண்ணலாம். அப்படி ஒட்டி தன் வீட்டுக் கல்யாணப் பாட்டை யாராவது பதிஞ்சுகிட்டா எனக்கு அதுல வருத்தம் ஒண்ணும் கிடையாது. குடுத்துட்டோம்னா அது அவங்க பொருள்.

இதுல இன்னொரு விஷயம் யாரும் பேசறதில்ல, நேரம். நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்தற பழைய ரெக்கார்டுல ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷத்துக்கு கொஞ்சம் மேலதான் கிடைக்கும். அதுக்குள்ள சிருஷ்டிப்பு, பாவம், சிலுவை, உயிர்த்தெழுதல், கடைசியில "இப்பவே ஏத்துக்கோ"ங்கற அழைப்பு, எல்லாத்தையும் அடைச்சாகணும். அந்தக் காலத்துக்கு அது கட்டாயம். இன்னிக்கு நகத்தளவு மெமரி கார்டுல புதிய ஏற்பாடு முழுசும், கிட்டத்தட்ட 20 மணி நேரம், போகுது. அப்புறமும் அதே மூணு நிமிஷ அவசரம் எதுக்கு? கேட்டவருக்கு சந்தேகம் கேக்க பக்கத்துல ஆள் இல்லாத இடத்துல, வாழ்க்கையையே மாத்தற முடிவை ஒரு பெட்டி சொல்லி எடுக்கச் சொல்றது சரியில்ல தம்பி. அந்த முடிவால அவங்க குடும்பத்துல, ஊர்ல என்ன வரும்னு பெட்டிக்கு தெரியாது. வந்தா கூட நிக்கவும் அதால முடியாது. கதையை கதையா சொல்லுங்க, நல்ல சமாரியன், கெட்ட குமாரன், காணாமப் போன ஆடு, இதெல்லாம் கேட்டா தானா உள்ள வேலை செய்யும். அழைப்பு குடுக்கறதை நேர்ல இருக்கற மனுஷனுக்கு விட்டுடுங்க.

கெட்ட குமாரன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. பிரிட்டிஷ் காலத்துல கிரியர்சன்னு ஒரு அதிகாரி தலைமையில இந்திய மொழிகள் பலதை சர்வே எடுத்தாங்க, ஒவ்வொரு மொழிக்கும் ஒரு மாதிரி வேணும்னு இந்தக் கதையைத்தான் அந்தந்த மொழியில சொல்ல வச்சு வாங்கினாங்க, பல மொழிகள்ல கிராமபோன் தட்டுலயும் பதிஞ்சாங்க. மதம் பரப்ப இல்ல, மொழியைப் படிக்க. எதுக்காகப் பதிஞ்சிருந்தாலும் அந்தக் கதையில எனக்கு முக்கியமா படறது அப்பாதான். பையன் சொத்தைப் பிரிச்சுக் குடுன்னு கேட்டப்ப குடுத்துட்டார், போறேன்னப்ப பின்னாடி போய் இழுத்துட்டு வரல. யோவான் 6ல நிறைய சீஷர்கள் விட்டுட்டுப் போனதும் இயேசு பன்னிரண்டு பேரையும் பாத்து நீங்களும் போகணும்னு நினைக்கிறீங்களான்னு கேக்கறார். சொத்தை வித்து ஏழைகளுக்குக் குடுத்துட்டு வான்னு சொன்னதைக் கேட்டு ஒரு ஐஸ்வரியவான் துக்கத்தோட திரும்பிப் போனப்பவும் போக விட்டார். போகலாம்ங்கற வழியை மூடாம வச்சுதான் அவர் கூப்பிட்டார், அவர் பேரைச் சொல்லிட்டு நாம அதை மூடக்கூடாது.

இந்த மாதிரி பதிவு நடக்கறதை நான் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தர்தான் குரல் குடுப்பார், அவருக்கு முன்னாடி பேப்பர் வச்சு பிரயோஜனம் இல்ல. அதனால ஒரு வரி சொல்லுவாங்க, அதை மொழிபெயர்க்கறவர் அவர்கிட்ட சொல்லுவார், அவர் தன் மொழியில தன் பேச்சுவாக்குல திருப்பி சொல்லுவார், அது பதிவாகும், அப்புறம் அடுத்த வரி. நடுவுல கோழி கத்தும், யாராவது கதவைத் திறப்பாங்க, மறுபடியும் முதல்ல இருந்து. கடைசியில இடைவெளி எல்லாத்தையும் வெட்டி ஒட்டி ஒரே பேச்சா ஆக்குவாங்க, டேப் காலத்துல பிளேடால வெட்டினாங்க, இப்ப கம்ப்யூட்டர்ல. நான் பாத்த அன்னிக்கு குரல் குடுத்த பெண் ஒரு இடத்துல நிறுத்திட்டாங்க. "எங்க ஊர்ல இதை இப்படி சொன்னா சாபம் விடற மாதிரி இருக்கும்"னாங்க. அந்த வரியையே மாத்தினாங்க. அவங்க அங்க இல்லைன்னா அந்த சாபம் எத்தனை வீட்டுக்குப் போயிருக்குமோ. உங்க ப்ளேயர்ல இருக்கற குரல் யாரோடது, அவங்களை ஒருதடவையாவது சந்திக்க முடியுமான்னு விசாரிங்க, அந்த அம்மா கேட்ட கேள்வி மாதிரி நூறு கேள்விக்கு அவங்ககிட்ட பதில் இருக்கும்.

அப்போஸ்தலர் 8ல வர்ற எத்தியோப்பியாக்காரரை நினைச்சுப் பாருங்க. அவர் கையில ஏசாயா புத்தகமே இருந்துச்சு, படிக்கவும் தெரியும், ஆனா யாராவது சொல்லித்தராம எனக்கு எப்படி புரியும்னு கேட்டார். பிலிப்பு ரதத்துல ஏறி பக்கத்துல உக்காந்தார், அவர் கேட்ட இடத்துல இருந்துதான் பேச ஆரம்பிச்சார். உங்க டீம் அந்த ரதம் வரைக்கும் போயிட்டு திரும்பிடுச்சு. இதை மாத்த முடியும். கானாவுல விவசாயத்துக்கும் சுகாதாரத்துக்கும் டாக்கிங் புக்னு ஒரு ஆடியோ கருவி பயன்படுத்தறாங்க, அதுல கேக்கறவங்க தங்களோட கேள்வியையும் கருத்தையும் பதிஞ்சு அனுப்பலாம், அதைக் கேட்டு அடுத்த செய்தியை தயார் பண்றாங்க. உரம் பத்தி பேசறவங்களே கேள்விக்கு இடம் வச்சிருக்காங்க, ஆத்துமாவைப் பத்தி பேசற நாம வைக்க வேண்டாமா? அதுக்கு பெரிய டெக்னாலஜி கூட வேண்டாம், ஒரு சாதாரண ஃபோன்ல அந்த அம்மா பேசினதை பதிஞ்சிருந்தீங்கன்னா மொழி தெரிஞ்சவர்கிட்ட போட்டுக் காட்டியிருக்கலாம்.

இப்ப உங்க ஃப்ரெண்ட் விஷயம். பாதி அவர் சொல்றது சரி, பாதி எனக்கு ஒத்துக்க முடியல. ஏழைன்னா கேட்டு யோசிச்சு வேண்டாம்னு சொல்லத் தெரியாதவங்கன்னு நினைக்கிறதும் ஒரு அவமதிப்புதான். 1948ல ஐநா போட்ட மனித உரிமைப் பிரகடனத்துல 18வது பிரிவு, நம்பிக்கையை மாத்திக்கவும் போதிக்கவும் எல்லா மனுஷருக்கும் உரிமை இருக்குன்னு சொல்லுது, அதுல ஏழை பணக்காரன்னு பிரிவு இல்ல. ஆனா இலவசம்னு அவர் சொன்ன இடத்துல காது குடுத்துக் கேளுங்க. இதை சபைகளே ஒத்துக்கிட்டிருக்கு. 2011ல உலக சபைகள் மன்றம், வத்திக்கான், உலக சுவிசேஷ ஐக்கியம் மூணும் சேர்ந்து சுவிசேஷத்துக்கு சாட்சி சொல்றப்ப எப்படி நடந்துக்கணும்னு பரிந்துரைகளோட ஒரு அறிக்கை விட்டாங்க, கத்தோலிக்கரும் பிராட்டஸ்டன்டும் பெந்தெகொஸ்தேயும் ஒரே பேப்பர்ல ஒத்துப் போறது லேசுல நடக்காது. வறுமையையும் தேவையையும் பயன்படுத்திக்கறதுக்கு ஊழியத்துல இடமே இல்லன்னு அதுல தெளிவா இருக்கு.

உங்க ப்ளேயர்ல லைட் இருக்கா, ஃபோன் சார்ஜ் ஆகுமா? சில மாடல்ல இருக்கு. ராத்திரி வெளிச்சம் இல்லாத வீட்டுக்கு அந்த லைட் தேவை. அப்ப அவங்க செய்தியைக் கேக்கறாங்களா, வெளிச்சத்துக்காக உங்களுக்கு நன்றிக்கடனா கேக்கறாங்களா, உங்களுக்கும் தெரியாது அவங்களுக்கும் தெரியாது. லைட் வேணும்னா லைட்டை தனியா குடுங்க, ஜெபத்துக்கு வர்றவர் வராதவர் எல்லாருக்கும். ப்ளேயரை கேட்டவங்களுக்கு மட்டும் குடுங்க, பிடிக்கலன்னா திருப்பிக் குடுக்கலாம், வச்சுக்கிட்டு வேற எதுக்கு வேணா பயன்படுத்தலாம்னு அவங்க மொழியில சொல்லிட்டு குடுங்க. அது யார் வீட்ல இருக்கப் போகுதுன்னும் பாருங்க. ஊர் தலைவர் வீட்ல இருந்தா பொம்பளைங்க கேக்க முடியுமா, இல்ல கேட்டே ஆகணும்னு ஆயிடுமா? ரெண்டும் நடக்கும்.

ரிப்போர்ட்டை மாத்தச் சொல்லி பாஸ்டர்கிட்ட பேசுங்க. எத்தனை பேர் கேட்டாங்கன்னு எழுதற இடத்துல என்ன கேள்வி கேட்டாங்க, யார் வேண்டாம்னு சொன்னாங்க, ஏன்னு எழுதுங்க. காணிக்கை குடுக்கறவங்களுக்கு அது பிடிக்காம போகலாம், நம்பர் குறையும், அதுக்கு பயப்படாதீங்க. அடுத்த செட் ப்ளேயர் வாங்க வச்சிருக்கற பணத்துல பாதியை எடுத்து, அந்த மொழி பேசற ஒருத்தர் மாசாமாசம் அந்த ஊர்களுக்குப் போய் வர செலவுக்கு குடுங்க. கிராமம் எண்ணிக்கை கம்மியாகும், பரவாயில்ல.

அப்புறம், அந்த அம்மாவோட ஊருக்கு மறுபடியும் போங்க. மொழி தெரிஞ்ச ஆளோட போங்க, முடிஞ்சா உங்க ஃப்ரெண்டையும் கூப்பிடுங்க. அவர் பக்கத்துல இருக்கும்போது உங்களால எதைக் கூச்சப்படாம செய்ய முடியுதோ அதை மட்டும் அங்க செய்யுங்க. என்ன கேட்டாங்கன்னு தெரிஞ்சதும் எனக்கும் எழுதுங்க, தெரிஞ்சுக்கணும்னு இருக்கு.

அன்புடன்,
அண்ணன்